கத்தி விழுந்த பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வன்முறையை எந்தச் சூழலிலும் அறத்தாலோ அறிவாலோ நியாயப்படுத்த இயலாது என்று வாதிடும் கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். அதன் அக்கறையை மதிக்கிறேன். முடிவை முழுதாக ஏற்க முடியவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், கோத்தகிரிக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களை ஒட்டி நான் குடியிருந்தபோது, ஒரு மார்கழி இரவில் அண்டை வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து, தேயிலைச் செடிகளைக் கவாத்து செய்யும் (கிளை வெட்டும்) கத்தியை ஓங்கியபடி மனைவியைச் சுவரோடு நெருக்கிக்கொண்டிருந்தார். காவல் நிலையத்துக்குச் சொல்லி, வளைவுகளைக் கடந்து ஜீப் வந்து சேரும் வரை அந்தக் கத்தி காத்திருக்காது. அடுப்படியில் கிடந்த தேயிலைக் கட்டையை எடுத்து அவர் மணிக்கட்டில் அடித்தேன்; கத்தி விழுந்தது. அந்த அடிக்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை. ஆனால் சத்தம் கேட்டு ஆட்கள் கூடிவிட, நாங்கள் அவரை விடவில்லை. இரண்டாவது அடியும் என்னுடையதுதான். வெறுங்கையோடு தரையில் கிடந்தவரை ஏன் அடித்தாய் என்று கேட்டால், கோபம் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. பின்னால் வந்தவர்களோ கத்தியையே பார்க்கவில்லை. யாரோ சொன்னதை நம்பி அடித்தார்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய தண்டனைச் சட்டமும், பழைய தண்டனைச் சட்டத்தைப் போலவே, தற்காப்பு உரிமையை ஒப்புக்கொள்கிறது. பிறர் உடலைக் காப்பதும் அதில் அடங்கும். எனினும், காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் ஊறு விளைவிக்கக் கூடாது, அதிகாரிகளின் பாதுகாப்பை நாட அவகாசம் இருந்தால் அந்த உரிமையே கிடையாது என்று 37ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. என் முதல் அடி அந்த வரம்புக்குள் அடங்கும், இரண்டாவது அடங்காது.

கட்டுரையாளர் காந்தியைத் துணைக்கு அழைக்கிறார். கோழைத்தனம், வன்முறை இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தாக வேண்டும் என்ற நிலை வந்தால் வன்முறையையே சொல்வேன் என்று 1920இல் எழுதியவரும் அவரே. அகிம்சை அதனினும் அளவிறந்து உயர்ந்தது என்று அதனோடு சேர்த்தே எழுதினார் என்பதால், முதல் பாதியை மட்டும் எடுத்துக்காட்டுவோரையும் நான் நம்புவதில்லை.

வன்முறைக்கு ஒருமுறை இடம் கொடுத்தால் அது எல்லை மீறிவிடும் என்று கட்டுரையாளர் அஞ்சினால், அதில் நியாயம் இருக்கிறது என்பதற்கு நான் தொலைவில் சான்று தேட வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்து மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியே இறங்கினால் வரும் கேரளத்தின் அட்டப்பாடியில், 2018 பிப்ரவரியில், உணவுப் பொருளைத் திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டிலிருந்து பிடித்துவந்து, கைகளைக் கட்டி அடித்தார்கள், அவர் இறந்துபோனார். கட்டுண்டு நின்றவரோடு படமும் எடுத்துக்கொண்டார்கள். 2023இல் 14 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஊரைத் திருட்டிலிருந்து காப்பதாகவே அவர்கள் எண்ணியிருக்கலாம். கைகட்டப்பட்டவரிடமிருந்து யாரைக் காப்பது என்ற கேள்வி அந்தக் கூட்டத்துக்கு உறைக்கவில்லை. எங்களுக்கும் அன்றிரவு உறைக்கவில்லை. எங்களிடம் அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார் என்பதுதான் வேறுபாடு.

ஆகவே இரண்டாவது அடியைப் பற்றிக் கட்டுரையாளர் சொல்லும் அனைத்தையும் தலைவணங்கி ஏற்கிறேன். முதல் அடியும் தவறே என்று அவர் கருதுவாரானால், அந்த அறையில் அந்த நொடியில் நான் வேறென்ன செய்திருக்க வேண்டும் என்பதை அவர் எழுதினால் அறிய விரும்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கணக்கப்பிள்ளை,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.