ஆஸ்பத்திரியில் நானும் அவளுக்குக் குடும்பம்தான்

மத்திய அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான குழுவின் உறுப்பினர்களுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து வணக்கம்.

ஐயா, அம்மா,

2023 அக்டோபர் 17 அன்று டெல்லியில் வந்த தீர்ப்பை உங்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பாலின இணையர்களான எங்களைப் போன்றவர்களின் திருமணத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரிக்கவில்லை. அன்றாடச் சிக்கல்களைக் குழு வைத்துத் தீர்க்கிறோம் என்று அரசு சொன்னது. 2024 ஏப்ரலில் உங்கள் குழு அமைந்தது. ரேஷன் அட்டை, கூட்டு வங்கிக் கணக்கு, மருத்துவமனையில் குடும்பத்தவராக நடத்தப்படுவது, இறந்த இணையரின் உடலைப் பெறுவது என்று குழு பார்க்க வேண்டியவற்றை அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட் தன் தீர்ப்பில் வரிசையாக எழுதியிருந்தார். அதில் ஒன்றைத்தான் கேட்கிறேன். மருத்துவமனையில் என் இணையருக்கு நான் குடும்பம் என்று உத்தரவு போடுங்கள்.

அவள் காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறவள். நான் துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை. போன மழைக்காலத்தில் அவளுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் நடந்தது. ஒப்புதல் படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள். நினைவோடு இருக்கிற பெரிய ஆளுக்கு அவர் ஒப்புதல்தான் வேண்டும், பெற்ற தாயின் கையெழுத்துகூட அதற்கு ஈடாகாது என்று 2008இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வார்டில் அதெல்லாம் யார் கேட்கிறார்கள்? "வீட்டாளுங்க யாரும் வரலயா?" என்று அப்போதே ஆரம்பித்தார்கள்.

ஆபரேஷன் முடிந்தபின் சீழ் பிடித்து, நினைவில்லாமல் அவளை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனார்கள். மறுபடியும் வயிற்றைத் திறக்க வேண்டும் என்று படிவம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டு, உறவுமுறை என்ற இடத்தில் 'இணையர்' என்று எழுதினேன்.

"அப்படின்னா? அக்காவா, தங்கச்சியா?"

"ரெண்டும் இல்ல சிஸ்டர். நாங்க ஒண்ணா குடும்பம் நடத்துறோம்."

அவர் நான் எழுதியதை அடித்துவிட்டு மேலே 'தோழி' என்று எழுதினார். பிறகு, தோழி கையெழுத்து செல்லாது, ரத்த சொந்தம் யாரையாவது வரச் சொல் என்றார்.

ரத்த சொந்தம் என்று இருப்பது பொன்னேரியில் ஓர் அண்ணன். எங்கள் விஷயம் தெரிந்ததும் அவளை அடித்து, கட்டின துணியோடு வெளியே தள்ளியவர். அவரை நான்தான் போனில் கெஞ்சிக் கூப்பிட்டேன். வந்தார், கையெழுத்துப் போட்டார். அதன்பிறகு டாக்டர் பேசியதெல்லாம் அவரிடம்தான். சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள், எந்த ஊசி போட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும் என்று ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று நான் சொல்ல, அவர் உள்ளே போய்ச் சொன்னார். பாதிதான் சொன்னார். டிஸ்சார்ஜ் ஆனதும் நேராகப் பொன்னேரிக்குத்தான் கூட்டிப் போவேன் என்று பிடிவாதமாக நின்றவரிடம், பேச்சு திரும்பியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை "வரமாட்டேன்".

அந்த சிஸ்டரை நான் குறை சொல்ல மாட்டேன். இரவு முழுக்க அத்தனை பேரையும் ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டவர் அவர். என் கையெழுத்தை ஏற்கலாம் என்று ஓர் உத்தரவு சுவரில் ஒட்டியிருந்தால் ஏற்றிருப்பார். அந்த உத்தரவு உங்கள் கையில் இருக்கிறது.

2024 ஆகஸ்டில் சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது தெரியும். நெருங்கிய உறவினர் இல்லாதபோது உடலை இணையர் பெறலாம் என்று அதில் இருக்கிறது. ஐயா, எங்களுக்கு உறவினர் இல்லாமல் இல்லை. இருக்கிறார்கள், எங்களைத் துரத்திவிட்டு இருக்கிறார்கள். அவள் செத்தாலும் அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் என் முறையா? உயிரோடு கிடக்கும்போது யார் கையெழுத்துப் போடுவது?

ரேஷன் அட்டையும் அப்படித்தான். இணையர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று டெல்லி சொன்னதை எங்கள் பகுதி அலுவலகத்தில் சொன்னால், அப்படி எதுவும் வரவில்லை என்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு அட்டைக்கு 6,000 ரூபாய் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். அவள் பெயர் இன்னும் அண்ணன் அட்டையில், என் பெயர் அப்பா அட்டையில். தண்ணீரில் நின்ற எங்களுக்கு ஒரு ரூபாயும் வரவில்லை.

அந்தத் திருமண வழக்கில் 2023இல் மத்திய அரசு தாக்கல் செய்த மனுவில், இப்படித் திருமணம் கேட்பது நகர்ப்புற மேட்டுக்குடியினரின் பார்வை என்று எழுதியிருந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. விடியற்காலையில் காசிமேட்டுக்கு வந்து அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்திருக்கும் அவள் கையைப் பாருங்கள், அது மேட்டுக்குடிக் கையா என்று சொல்லுங்கள். டெல்லியில் கூடிப் பேசும்போது எங்களைப் போன்ற கூலிக்காரப் பெண்களும் உங்கள் நினைவில் வரவேண்டும். எங்கள் உறவைக் குற்றமாக்கியிருந்த 377ஆம் பிரிவு விஷயத்தில் 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்று ஆனது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழி அல்ல என்று எங்கள் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. இன்னும் எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவாகவே கேட்கிறேன். அட்மிஷன் போடும்போது நோயாளி தனக்கு வேண்டிய ஒருவரின் பெயரை எழுதிக் கொடுக்கட்டும். ரத்த சொந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நோயாளிக்கு நினைவில்லாதபோது அவர் கையெழுத்தே செல்ல வேண்டும். டாக்டர் அவரிடம் பேச வேண்டும், ஐ.சி.யு.வுக்குள் அவரை விட வேண்டும், உடலையும் முதலில் அவரிடமே தர வேண்டும். இது கடிதமாக இல்லாமல், மீறினால் பதில் சொல்ல வேண்டிய உத்தரவாக இருக்க வேண்டும். தமிழில் அச்சிட்டு அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்று எல்லா வார்டிலும் ஒட்டச் செய்யுங்கள். எங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் வடசென்னைக்கு ஒருமுறை வாருங்கள். அரை நாள் கூலி போனாலும் நாங்கள் வருவோம்.

தையல் போட்ட இடத்தில் குடல் இறங்கியிருக்கிறது. அவளுக்கு அடுத்த மாதம் இன்னொரு ஆபரேஷன். அட்மிஷன் படிவத்தில் என் பெயரைத்தான் எழுதப் போகிறோம். அதற்குள் உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில் குடும்பம் நடத்தும் இரண்டு பெண்களில் ஒருத்தி