சுக்காய் பிந்து நாங்கள் கட்டுகிறோம், கவுன்சிலரை யாரோ நியமிக்கிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசியாவில் ஊராட்சி மன்றத் தேர்தல் வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு அவ்வப்போது கிளம்பி அடங்குகிறது. பேசுகிறவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூர்க்காரர்களும் பினாங்குக்காரர்களும்தான். தோட்டத்துப் பட்டணங்களில் இருக்கும் எங்களிடம் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

தெற்குப் பேராக்கில், சுற்றிலும் செம்பனையாக இருக்கும் ஒரு சின்னப் பட்டணம் எங்களுடையது. இரண்டு வரிசைக் கடைகள், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், பகலெல்லாம் பழ லாரிகள். எண்ணெய் ஆலையில் லாரிகளை எடை போடும் இடத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். பிறந்தது லயத்தில், தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். தோட்டத்தை விட்டு வெளியே வந்தபோது தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு மலிவு வீடு வாங்கினோம். அப்புறம்தான் சுக்காய் பிந்து என்ற மதிப்பீட்டு வரி எங்கள் பேரில் வரத் தொடங்கியது.

லயத்தில் இருந்தவரை அந்தத் தொல்லை இல்லை, உரிமையும் இல்லை. வீடு, தண்ணீர், விளக்கு எல்லாம் தோட்டத்துடையது. குறை இருந்தால் கிராணியிடம் சொல்ல வேண்டும், அவர் மனம் வைத்தால் துரை காதுக்குப் போகும். தோட்டம் தனியார் நிலம் என்று சொல்லி அரசாங்கத்தின் கிராம மேம்பாட்டுப் பணமும் உள்ளே வரவில்லை. அதே காலத்தில், சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த புதுக்கிராமத்துச் சீனர்கள், 1952-ல் வந்த சட்டத்தின்படி தங்கள் மன்ற உறுப்பினர்களைத் தாங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் ஆட்கள் வேலை முடிந்து போய் அந்தத் தேர்தல் கூட்டங்களை வேடிக்கை பார்த்ததாக அப்பா சொல்வார். எங்களுக்கு மன்றமும் இல்லை, ஓட்டும் இல்லை. ஆக, நாங்கள் தாமானுக்கு வந்து வரி கட்டத் தொடங்கியபோது, ஓட்டு மற்றவர்களிடமிருந்தும் பறிபோயிருந்தது.

போனது எப்படி என்று இளையவர்களுக்குத் தெரியாது, பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த நேரத்தில், 1965 மார்ச்சில், தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். அமைதி திரும்பியதும் நடத்துவோம் என்று அன்றைய பிரதமர் துங்கு நாடாளுமன்றத்திலேயே வாக்குக் கொடுத்தார். 1966-ல் மோதல் முடிந்தது, தேர்தல் வரவில்லை. ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணை ஆணையம் அமைத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968-ல் கொடுத்த அறிக்கையில், தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே வேண்டும் என்று அவருடைய ஆணையம் பரிந்துரை செய்தது. அந்த அறிக்கையை வெளியிடவே 1971 ஆகிவிட்டது. 1976-ல் வந்த ஊராட்சிச் சட்டம், 15ஆம் பிரிவில், தேர்தல் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் செய்துவிட்டது. கவுன்சிலர்களை மாநில அரசு நியமிக்கும், ஒரு மன்றத்துக்கு 8 முதல் 24 பேர், அவ்வளவுதான்.

நான் வரியே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. குப்பை அள்ளும் பொறுப்பைக் கூட்டரசுக்கு மாற்றிய 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டத்துக்குள் பேராக், சிலாங்கூர், பினாங்கு மூன்று மாநிலங்களும் போகவில்லை. எங்கள் குப்பையை அள்ளுவது இன்னும் மஜ்லிஸின், அதாவது ஊராட்சி மன்றத்தின், வேலைதான், அதற்குக் காசு வேண்டும். பாக்கி வைத்துவிட்டுக் காப்பிக் கடையில் உட்கார்ந்து குப்பை லாரி வரவில்லை என்று கத்துகிறவர்கள் எங்கள் தாமானிலும் உண்டு. நில வரி எது, மதிப்பீட்டு வரி எது என்று அவர்களுக்குத் தெரியாது. நில வரி மாநில அரசுக்குப் போகிறது. மதிப்பீட்டு வரி மஜ்லிஸுக்கு, பிப்ரவரி முடிவுக்குள் ஒரு பாதி, ஆகஸ்டு முடிவுக்குள் மறு பாதி.

இந்த வரி எப்படி வருகிறது என்றும் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மஜ்லிஸ் கணக்குப் போடுகிறது. அதில் இத்தனை விழுக்காடு என்று வசூலிக்கிறது. சட்டப்படி 35 விழுக்காடு வரை போகலாம், நடப்பில் அதைவிடக் குறைவாகத்தான் வைக்கிறார்கள். விழுக்காட்டை முடிவு செய்வது மன்றம், மாநில அரசு ஒப்புதல் கொடுக்க வேண்டும். நாங்கள் போய் ஆட்சேபிக்கலாம், உண்மைதான். ஆனால் ஆட்சேபத்தைக் கேட்கிறவர்களும் நாங்கள் தேர்ந்தெடுக்காதவர்களே.

செலவு விஷயம் இன்னும் மோசம். பட்டணத்தின் நுழைவாயிலில் ஆள் உயர எழுத்துகளில் ஊர்ப் பெயரை வைத்து, நடுவில் சிவப்பு இதயமும் வைத்து, இரவில் விளக்குப் போடுகிறார்கள். அதற்கு என்ன செலவானது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. எங்கள் லோரோங்கிலோ (சந்து) விளக்கு எரியாமல் கிடந்தது பல மாதம். வீட்டுக்குப் பின்னால் லொங்காங் என்ற சாக்கடை அடைத்துக்கொண்டு மழைக்குத் தண்ணீர் அடுப்படி வரை வந்தது. மஜ்லிஸில் கேட்டால் அது வடிகால் இலாகாவுடையது என்றார்கள். அங்கே போனால் பொதுப்பணி இலாகாவைப் பார் என்றார்கள். அவர்கள் திரும்ப மஜ்லிஸுக்கே அனுப்பினார்கள். கடைசியில் தாமான் பிள்ளைகள் சிலர் சங்குல் (மண்வெட்டி) எடுத்து இறங்கினார்கள். ஓட்டுக்கு வந்து நிற்க வேண்டிய கவுன்சிலராக இருந்தால், அந்த மூன்று அலுவலகத்துக்கும் அலைகிற வேலை அவருடையதாக இருந்திருக்கும்.

எங்கள் வட்டாரத்துக்கு ஒரு கவுன்சிலர் இருக்கிறார் என்பதையே நான் ஒரு தீபாவளி வாழ்த்துப் பேனரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் வேறு பட்டணத்துக்காரர். அவரைக் குறை சொல்லவில்லை, பதவி கொடுத்த கட்சிக் கிளைக்குத்தானே அவர் முதலில் பதில் சொல்வார்? பேராக்கில் 2009-லும் 2020-லும் பொதுத் தேர்தல் இல்லாமலே ஆட்சி மாறியது. அதோடு பழைய கவுன்சிலர்கள் போய்ப் புதியவர்கள் வந்தார்கள். ஒரு லொங்காங் புகாரைப் பாதி வழியில் விட்டுவிட்டு ஒருவர் போனால், அடுத்தவரிடம் ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் கட்சிக்காரர்கள் சொல்லும் ஒரு வாதத்துக்கு வருகிறேன். "தேர்தல் வைத்தால் இந்தியர் எங்கும் ஜெயிக்க முடியாது. நியமனம் என்றால் மன்றத்துக்கு ஒன்றிரண்டு இடமாவது கேட்டு வாங்கலாம்" என்கிறார்கள். இந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை. சில மன்றங்களில் இப்போது இருக்கும் இடமும் போகலாம். ஆனால் தொகுதியைச் சின்னச் சின்ன வட்டாரமாகப் பிரித்தால், தோட்டத்துப் பட்டணங்களில் நம் ஓட்டுக்கு எடை உண்டு. நாம் ஜெயிக்காத இடத்திலும், ஜெயிக்க நினைப்பவர் நம் வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். லயத்தில் இன்னும் இருப்பவர்களுக்கும் அந்த ஓட்டு வேண்டும். வரி கட்டும் வீட்டுக்காரர்களுக்கு மட்டும் என்று வைத்தால் அவர்கள் மறுபடியும் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

இனப் பிரச்சினை வரும் என்பது இன்னொரு வாதம். 2018 டிசம்பரில் அன்றைய பிரதமர் மகாதீரும் அதைச் சொல்லித்தான் வேண்டாம் என்றார். சீனர்கள் பெரும்பான்மையாக இருந்த ஜோர்ஜ்டவுனில், 1957-ல் முதல் மேயராக வந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன். ஈப்போவில் மக்கள் முற்போக்குக் கட்சியின் சீனிவாசகம் சகோதரர்களுக்கு ஓட்டுப் போட்டவர்கள் யார்? அங்கேயும் பெரும்பாலும் சீனர்கள்தான். லொங்காங்கைச் சுத்தம் செய்கிறவன் எந்த இனம் என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

செலவாகும் என்பார்கள். சட்டமன்றத் தேர்தல் நாளிலேயே இன்னொரு வாக்குச்சீட்டைக் கொடுத்தால் போயிற்று.

மாநில அரசு தானாகவே நடத்திவிட முடியாது. பினாங்கு 2012-ல் தனிச் சட்டம் போட்டுப் பார்த்தது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு வழி இல்லை என்று சொல்லிவிட்டது. 15ஆம் பிரிவை நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். ஆகவே அடுத்த முறை கோயில் திருவிழாவுக்கு மாலை போட்டுக்கொள்ள வரும் நாடாளுமன்ற உறுப்பினரிடம், மானியம் எவ்வளவு என்று மட்டும் கேட்காமல் இதையும் கேளுங்கள்.

அதுவரை ஒன்று செய்யலாம். அதே 1976 சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தது. உங்கள் நாளிதழுக்குப் பெரும்பாலான ஊர்களில் நிருபர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மன்றமும் எந்தத் தேதியில் கூடுகிறது, எந்த வட்டாரத்துக்கு எந்தக் கவுன்சிலர், அவரை எங்கே பார்ப்பது, இவற்றை மாதம் ஒரு முறை கால் பக்கம் போடுங்கள். வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கும் கூட்டம் எதுவென்று தெரிந்தால் எங்கள் தாமானிலிருந்து ஒரு வேன் பிடித்தாவது நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைக் கிராணி,
தெற்குப் பேராக்.