கிணறு அடிக்க முன்னம்

பிள்ளை,

அப்பா எழுதிறன். போனில கதைச்சா "ஓமப்பா எல்லாம் ஓகே" எண்டு வச்சிடுறாய், அதால எழுதிறன். போன கிழமை எங்களுக்குப் பகல் ரெண்டு மணிக்கு எடுத்தனீ, கல்கரியில அப்ப நடுச்சாமம் கழிஞ்சிருக்கும், கொம்மா விரல் மடிச்சுக் கணக்குப் பாத்திட்டு அண்டைக்குச் சோறும் ஒழுங்காத் தின்னேல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லை. நேரத்துக்குப் படு.

இஞ்ச விசேஷம் எண்டா பின்வளவில குழாய்க்கிணறு அடிக்கப் போறம், துலாக்கிணறு ஆடியோட வத்திறது உனக்குத் தெரியும்தானே. பெரியப்பா வழமை போல வேப்பங்கெவர் பிடிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து நிண்டார், எனக்கு மறிக்கவும் மனமில்லை நம்பவும் மனமில்லை, நான் நிலத்துக்குள்ள கரண்டு விட்டு அளக்கிற மெசின்காரப் பெடியளைக் கூப்பிட்டன். நாலு இரும்புக் கம்பியை ஒரே நேர்கோட்டில நிலத்தில அடிச்சாங்கள், நிலம் காஞ்சு கிடந்ததால ஒவ்வொரு கம்பியடியிலயும் உப்புத்தண்ணி ஊத்தினாங்கள், வெளிக்கம்பி ரெண்டாலயும் கரண்டை விட்டு உள்கம்பி ரெண்டுக்கும் இடையில வோல்ட்டைப் பாத்தாங்கள். வெளிக்கம்பியை இன்னும் தள்ளித் தள்ளி அடிச்சா இன்னும் ஆழம் பாக்குமாம். பெரியப்பா ஒரே பிடியா "தண்ணி இருக்கோ இல்லையோ அதைச் சொல்லு" எண்டு நிக்கிறார், பெடியன் முழிக்கிறான், கடைசியில நான்தான் விளங்கப்படுத்தினன். மெசின் தண்ணியைக் காட்டாது அண்ணை, கரண்டு லேசாப் போகுதோ இல்லையோ எண்டதைத்தான் காட்டும், எங்கட கருங்கல்லில போகாது, கல்லு வெடிப்புக்குள்ள தண்ணி நிண்டா போகும், ஆனா களியிலயும் போகும் உவர்த்தண்ணியிலயும் போகும், எது எண்டு பிரிக்கிறதுதான் வேலை எண்டன். ஆரிட்டப் படிச்சனீ எண்டார். என்ர மகளிட்ட எண்டு சொல்லேக்க எனக்கு எப்பிடி இருந்திருக்கும் எண்டு யோசிச்சுப் பார்.

எண்ணெய் தேடுற உன்ர வேலையும் இதுதானே, ஆழமும் காசும்தான் வேற. பங்கருக்குள்ள இருந்து நீ எண்ணினது ஞாபகம் இருக்கோ, ஷெல் வெளிச்சம் தெரிஞ்ச உடன தொடங்கி சத்தம் வர நிப்பாட்டுவாய், மூண்டு செக்கன் எண்டா ஒரு கிலோமீற்றர். நிலத்துக்குள்ள சத்தத்தை அனுப்பி, திரும்பி வர எத்தினை செக்கன் எண்டு பாக்கிறதாம் உங்கட படிப்பு எண்டு நீ சொன்ன அண்டைக்கு நான் ஒண்டும் கதைக்கேல்லை, எழும்பி மாட்டைப் பாக்கப் போட்டன். போய் வர ரெண்டு செக்கன், கல்லுக்குள்ள வேகம் செக்கனுக்கு 3000 மீற்றர், அப்ப ஆழம் 3000 மீற்றர், வேகத்தைப் பத்து வீதம் பிழையா எடுத்தா 300 மீற்றர் பிழைச்சிடும். பார் எனக்கே விளங்குது. உந்த மேனேஜர்மாருக்கு ஏன் விளங்காது, படத்தைப் பாத்திட்டு ஓமோ இல்லையோ எண்டுதான் கேக்கினம் எண்டு கவலைப்பட்டனீ. அவையளும் பெரியப்பா மாதிரித்தான், கோவிக்காம இருத்திச் சொல்லு. 2011இல மன்னார்க் கடலில கெய்ர்ன் இந்தியா எண்ட கொம்பனி எண்ணெய் தேடி மூண்டு கிணறு தோண்டினது, டொராடோ, பராகூடா எண்ட ரெண்டு கிணத்திலயும் காஸ் வந்தது, மூண்டாவது வெறுங்கிணறு. அளந்து பாத்துப் போட்டுத்தானே தோண்டினவை, எண்டாலும் அப்பிடி. அளக்காமத் தோண்டினா என்னாகும் எண்டு கேள் அவையளை. வெறுங்கிணத்துக்குப் போற காசோட பாத்தா உங்கட சம்பளம் எந்த மூலைக்கு.

எண்ணெய் விலை விழுந்தாக் கொம்பனியள் முதல்ல கை வைக்கிறது தேடுற ஆக்களிலதான் எண்டு நீதான் ஒருக்காச் சொன்னனீ. நான் இப்ப பேப்பரில நெல்லு விலைக்கு முதல் அதைத்தான் பாக்கிறன். சும்மா பாக்கிறன்.

நிலத்துக்குள்ள பாக்கத் தெரிஞ்சவளுக்கு எண்ணெய் மட்டுமே கிடக்கு? தண்ணி பாக்கிறவைக்கும் வேணும், நிலத்துச் சூட்டில கரண்டு எடுக்கிறவைக்கும் வேணும், புகையைக் கொண்டுபோய்க் கல்லுக்குள்ள அடைக்கிறவைக்கும் வேணும் எண்டு எனக்குச் சொன்னது ஆர். ஊர் முழுக்கச் சொல்லுறாய், எங்களுக்குத்தான் ஒண்டும் சொல்லமாட்டாய். சரி விடு. சாப்பிடு, நித்திரையைக் கொள்ளு.

இந்த மாதம் காசு அனுப்பாத. உழுந்து வித்தது கிடக்கு, கிணத்துக்குக் காணும். அடுத்த மாதமும் பிரச்சினையில்லை. கொம்மா கலியாணப் பேச்சை எடுக்கமாட்டாள், நான் சொல்லி வச்சிருக்கிறன்.

பெடியள் தந்த ரீடிங் பேப்பரை வாட்சப்பில போட்டிருக்கிறன், முருங்கையடியிலயோ வேலிக்கரையிலயோ எங்க அடிக்கலாம் எண்டு பாத்துச் சொல்லு. கிணறு அடிக்கிற மெசின் லொறி வாற திங்கள் வருதாம். உங்க வேலைநாள் பகலில எடுத்தாலும் எடு, ஏன் எண்டு நான் கேக்கமாட்டன்.

அப்பா