பைலில் காலண்டர் தாள் ஒட்டியிருந்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன செவ்வாய்க்கிழமை கீமோ வார்டுக்கு வெளியே, உங்களுக்கு எதிர் பெஞ்சில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தவள் நான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மாவைச் செக்கப்புக்குக் கூட்டி வருவேன். உங்கள் மடியில் இருந்த பைலைப் பார்த்தேன். அட்டையில் ஆஸ்பத்திரி பெயருக்குக் கீழே இருக்கும் 'புற்றுநோய்' என்ற அந்த ஒரு வார்த்தையின் மேல் மட்டும் காலண்டர் தாளைக் கிழித்து ஒட்டியிருந்தீர்கள். ஓரத்தில் பசை இன்னும் காயவில்லை. பக்கத்தில் அப்பா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

நர்ஸ் வந்து ஒரு சீட்டைக் கொடுத்து, சைக்காலஜிஸ்ட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகச் சொன்னார். "எங்க அப்பாவுக்கு மனசுல ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்று அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டீர்கள். பேசலாம் என்று எழுந்தேன், அதற்குள் எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று சொல்ல வந்ததைத்தான் எழுதுகிறேன்.

நானும் அப்படி ஒட்டி மறைத்தவள்தான். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும், "சின்னக் கட்டிம்மா, கரைக்க மருந்து ஏத்துறாங்க" என்றேன். சொந்தக்காரர்கள் எல்லோரையும் அதையே சொல்ல வைத்தேன். மூன்றாவது கீமோவுக்குப் போனபோது, பஸ் ஆஸ்பத்திரித் தெருவுக்குள் திரும்பியதுமே அம்மா வாந்தி எடுத்தார். அன்றைய மருந்து ஒரு சொட்டுகூட ஏறவில்லை. டாக்டர் எங்களைக் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் அனுப்பினார். வாந்திக்கு எதற்கு மனசு டாக்டர் என்று எனக்கும் கோபம்தான் வந்தது.

அந்த மேடம் பொறுமையாகச் சொன்னார். கீமோவும் வாந்தியும் சேர்ந்தே வந்து வந்து, அந்தத் தெருவையும் மருந்து வாசனையையும் உடம்பு வாந்தியோடு முடிச்சுப் போட்டுவிடுகிறதாம். மணி அடித்தால் எச்சில் ஊறிய பாவ்லோவின் நாயைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்களே, அதே சங்கதி. வழக்கமான வாந்தி மாத்திரை இதற்குச் சரியாகக் கேட்பதில்லை. கை விரல்களை இறுக்கி மூடி, ஐந்து எண்ணி, மெல்லத் தளர்த்தி, அப்புறம் தோள், முகம், கால் என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொல்லிக் கொடுத்தார். வீட்டில் தினமும் இரண்டு வேளை செய்தோம், பஸ்ஸில் ஏறியதும் செய்தோம். நான்காவது கீமோவில் குமட்டலோடு நின்றது. ஐந்தாவதுக்குப் போகும்போது அம்மா ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார்.

இதற்கு நடுவில்தான் அது நடந்தது. இரண்டாவது தடவை போனபோது மேடம் அம்மாவிடம், "உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "கட்டின்னு சொல்றாங்க. கட்டிக்கு முடி கொட்டுமா?"

அவருக்கு முதல் கீமோவிலேயே தெரிந்திருக்கிறது. நான் உடைந்துபோவேன் என்று என்னிடம் மறைத்திருக்கிறார். நான்கு சுவருக்குள் இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறோம்.

பயப்படாதீர்கள், மேடம் எடுத்த எடுப்பில் போட்டு உடைக்க மாட்டார். அப்பாவுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்றுதான் பார்ப்பார். வேண்டாம் என்று அவரே சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்வார். உங்கள் பயத்தையும் உட்கார்ந்து கேட்பார். நோயை நோயாளியிடம் மறைப்பது நம் ஊரில் மட்டும் உள்ள பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1961-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கெடுப்பில், நோயாளியிடம் புற்றுநோய் என்று சொல்லாமல் இருப்பதே மேல் என்றவர்கள் 100-க்கு 90 டாக்டர்கள். 1979-ல் அதே கேள்விக்கு 97 பேர் சொல்லிவிடுவோம் என்றார்கள். ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மனநலத்துக்கென்று தனிப் பிரிவு தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான், 1977-ல்.

உங்களையும் அந்த அறையில் உட்காரச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. 0 முதல் 10 வரை எண் போட்ட தெர்மாமீட்டர் படம் ஒன்று தருவார்கள். இந்த ஒரு வாரத்தில் மனசு எவ்வளவு பாரமாக இருந்தது என்று அதில் குறிக்க வேண்டும். கூடவே பணம், தூக்கம், வீட்டைப் பார்த்துக்கொள்வது, போக்குவரத்து என்று ஒரு பட்டியல் இருக்கும். 4 அல்லது அதற்கு மேல் போனால் விரிவாகப் பேசுவார்கள். அம்மா 3 போட்டு, பணத்தில் மட்டும் டிக் அடித்தார். எனக்காக அடகு வைத்த வளையலை மீட்கவில்லையே என்பதுதான் அவர் கவலை. அதே தாளை மேடம் என்னிடமும் நீட்டினார். நான் 9 போட்டேன். ஆறு வாரமாக நான் ஒரு ராத்திரிகூட முழுதாகத் தூங்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது.

மேடம் மாதிரியான சைக்காலஜிஸ்ட்டுகள் மாத்திரை எழுதித் தர மாட்டார்கள், பேச்சும் பயிற்சியும்தான் வைத்தியம். சோர்வும் பசியின்மையும் கீமோவாலா, மனச்சோர்வாலா என்று பிரித்துப் பார்ப்பது லேசான வேலை இல்லை. அதற்கென்று எம்.ஃபில். படித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்கள். மாத்திரை தேவைப்படும் என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மனசு தாங்காமல் போனால் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் அது, அரசு நடத்துவது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

"தைரியமா இருங்க" என்று சொல்லியே அப்பாவின் வாயை அடைத்துவிடாதீர்கள் தம்பி. என் அம்மா அந்த அறையில் அரை மணி நேரம் அழுதார். வெளியே வந்ததும் பசிக்கிறது என்றார். கேண்டீனில் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

அந்தச் சட்டையைத் துவைக்கப் போடும் முன் பையைப் பாருங்கள். அறை, பார்மசிக்குப் பின்னால், தண்ணீர் பிடிக்கும் இடத்துக்கு எதிரே. செவ்வாயும் வெள்ளியும் காலையில் மேடம் இருப்பார்.

இப்படிக்கு,
எதிர் பெஞ்சில் இருந்த அக்கா