அந்த அலுமாரியைத் திறந்து விடுங்கள்

திருகோணமலை மாவட்டத்தில் கல்விக்கும் இளைஞர் திட்டங்களுக்கும் பொறுப்பான அதிகாரிகளுக்கு, வணக்கம்.

நான் சாதாரண தரம் படித்த பாடசாலையில் ஆய்வுகூடம் இருந்தது, அலுமாரி நிறையச் சாமானும் இருந்தது. உடைந்தால் யார் கணக்குச் சொல்வது என்ற பயத்தில் அதைக் கடைசிவரை திறக்கவே இல்லை. ஆசிரியர் சொல்லச் சொல்ல, கண்ணால் காணாத அவதானங்களைச் செய்முறைக் கொப்பியில் எழுதினோம். இன்று தரம் 9 படிக்கும் என் அக்காவின் மகனும் அப்படித்தான் எழுதுகிறான்.

போன விடுமுறையில் அவனைப் புல்மோட்டைக்குக் கூட்டிப்போனேன். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கடற்கரை மண்ணில் இழுத்தான், கறுப்பு மண் மயிர் மயிராக ஒட்டிக்கொண்டு வந்தது. காந்தத்தைப் பையிலிருந்து உருவியதும் பொலபொலவென்று உதிர்ந்தது. ஆனால் கறுப்பெல்லாம் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டான் பாருங்கள், அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடலே. அந்த மண்ணில் பல கனிமங்கள் கலந்திருக்கின்றன: உடனே ஒட்டுவது மக்னடைட், இல்மனைட்டை இழுக்கப் பலமான காந்தம் வேண்டும், ரூட்டைலும் சிர்கோனும் அதற்கும் அசையாது. அங்குள்ள கனிய மணல் தொழிற்சாலையில் மண்ணைப் பிரிப்பதற்கும் இந்த வித்தியாசம்தான் உதவுகிறது. அன்று இரவு முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தான்.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு எது கூடச் சூடு என்று சண்டைபிடிக்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? ஒரு வெப்பமானி கொடுத்து மாரியிலும் கோடையிலும் அளக்க விடுங்கள். அப்புறம் எரிமலையே இல்லாத நாட்டில் தண்ணீர் எப்படிச் சூடாகிறது என்று அவர்களாகவே கேட்பார்கள், நிலத்தடியில் வெகு ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி வரும் மழைநீரின் கதையை அப்போது சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

நான் போன இளைஞர் நிகழ்ச்சிகள் எல்லாம் விளையாட்டும் தலைமைத்துவக் கருத்தரங்கும்தான். அவை இருக்கட்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமையை மட்டும் பிள்ளைகள் இப்படி விஞ்ஞானத்தைக் கையால் செய்துபார்க்கத் தாருங்கள். மூதூர், கிண்ணியா, குச்சவெளிப் பிள்ளைகள் வந்துபோக ஒரு பஸ் வேண்டும். விஞ்ஞானம் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பட்டதாரிகளைக் கூப்பிடுங்கள், படியும் கொடுங்கள். உடைகிற சாமானுக்கென்று வருடாவருடம் ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டால் எந்த ஆசிரியரும் சாவியை ஒளித்துவைக்க மாட்டார்.

முதல் சனிக்கிழமைக்குத் தேவையான காந்தங்களை நான் கொண்டுவருகிறேன்.