செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பணி நேரமும் சட்டமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி இவ்வாண்டு செயற்குழு பெரும்பாலும் ஒரே வேலையில் இறங்கியது: பி.ஜி. மருத்துவர்களின், அதாவது மருத்துவமனையில் பணிபுரிந்தபடியே முதுநிலைப் பட்டம் படிப்பவர்களின், பணி நேரம். பணிச்சோர்வு என்றதும் யோகா வகுப்புக்குத்தான் சுற்றறிக்கை வருகிறது. தொடர்ந்து 36 மணி நேரம் வார்டில் நின்றவருக்கு முதலில் வேண்டியது தூக்கம். அதைச் சட்டம்தான் உறுதி செய்ய முடியும்.

இப்படிப் பயிலும் மருத்துவர்களுக்கான மத்திய அரசின் 1992 ரெசிடென்சி திட்டம் வாரத்துக்கு 48 மணி, ஒரே தொடர்ச்சியாக 12 மணி என்று வரம்பு வைத்தது. விதிவிலக்குக்கு இடம் விட்டே எழுதியதால் விதிவிலக்கே வழக்கமாகிவிட்டது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 ஒழுங்குமுறைகளில் வார ஓய்வும் ஆண்டுக்கு 20 நாள் தற்செயல் விடுப்பும் உண்டு. பணி நேரத்துக்கு மட்டும் எண் இல்லை. ஆணையத்தின் பணிக்குழு 2024இல் வாரத்துக்கு 74 மணி என்றது. அதுவும் பரிந்துரைதான், மீறினால் கேள்வி கேட்பாரில்லை.

எண் வந்தாலும் பதிவேடு சரியில்லையென்றால் பயனில்லை. ரோஸ்டரில் இரவு டூட்டி 8 முதல் 8 வரை. ஆனால் மறுநாள் ரவுண்ட்ஸ், ஓ.பி., டிஸ்சார்ஜ் சம்மரி என்று மாலை 4 மணி ஆகிவிடுகிறது. இந்த 8 மணி நேரம் எந்தத் தாளிலும் ஏறுவதில்லை. எனவே நான்கு கட்டப் படிவம் ஒன்று தயாரித்தோம்: வந்த நேரம், பொறுப்பை ஒப்படைத்த நேரம், யாரிடம் ஒப்படைத்தார், இடையில் தொடர்ந்து கிடைத்த தூக்கம். அன்றன்றே நிரப்ப வேண்டும். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் எல்லாமே 12 மணியாகிவிடும். ஆய்வேட்டில் பேராசிரியர் கையெழுத்துப் போட மறுத்துவிடுவாரோ என்று பயந்து பலர் நிரப்பத் தயங்கினார்கள். அதனால் பெயரை விட்டு, யூனிட் வாரியான மொத்தத்தை மட்டும் டீனிடம் தருகிறோம்.

கால் டூட்டி (அழைத்தால் வர வேண்டிய பணி) அறையில் படுத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கிறோம். மருத்துவமனைக்குள் இருக்கச் சொன்ன நேரம் முழுவதும், தூங்கினாலும், பணி நேரமே என்று ஜெர்மன் மருத்துவர் யேகரின் வழக்கில் 2003இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நம் விதிகளிலும் இது எழுத்தில் வர வேண்டும்.

நேரத்தை மட்டும் குறைத்து ஆளைக் கூட்டாவிட்டால் அதே வேலை குறைந்த நேரத்தில் நெரியும், ஒப்படைப்பில் தகவல் விட்டுப்போகும். ஒப்படைப்புக்கு 30 நிமிடம் பணி நேரத்திலேயே ஒதுக்க வேண்டும். ரத்த மாதிரியை லேபுக்கு எடுத்துப்போகவும் டிராலி தள்ளவும் தனிப் பணியாளர் வேண்டும். இந்த இரண்டோடு, இரவு டூட்டிக்கு மறுநாள் கட்டாய ஓய்வும் மீறலுக்குப் பொறுப்பாளர் யார் என்பதும் அடங்கிய அரசாணை கோரும் தீர்மான வரைவைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்