குருமட வாசிப்பு வட்டம்: 2025–26 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய அதிபர் தந்தை அவர்களே, பேராசிரியர்களே, சகோதரர்களே,

மாதம் இரண்டு கூட்டம் என்று ஜூனில் தீர்மானம் போட்டோம். நடந்தவை 11. இரவு உணவுக்கும் இரவு செபத்துக்கும் நடுவே கிடைக்கும் முக்கால் மணி நேரத்தில் இதுவே பெரிய காரியம் என்பது செயலரின் கருத்து.

கிறிஸ்து தந்தையோடு ஒரே பொருளானவர் என்று ஆயர்கள் அறிவித்த நீசேயா பொதுச்சங்கம் (கி.பி. 325) கூடி 1700 ஆண்டு ஆனதால் ஜூலையில் அதை எடுத்தோம். ஒரு கூட்டத்தில் முடிய வேண்டியது மூன்றுக்கு நீண்டது. காரணம் ஒரு பாட்டி. ஞாயிறு பணிக்குப் போன நம் சகோதரர் ஒருவரை நிறுத்தி, "பிரதர், 'தந்தையோடு ஒரே பொருளானவர்'னு பூசையில சொல்றோமே, பொருள்னா என்ன, சொத்தா?" என்று கேட்டிருக்கிறார். இவர் அதன் மூலமான 'ஹோமோஊசியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லைச் சொல்லிச் சமாளித்தார். பாட்டி பணிவாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தலையாட்டல்தான் சகோதரரை உறுத்தியது.

செல்வம், அர்த்தம், சாமான், மெய்ப்பொருள் என்று பல வேலை பார்க்கும் சொல் 'பொருள்'. ஆகவே தமிழில்தான் சிக்கல் என்று முதல் கூட்டத்தில் பேசினோம். இரண்டாவதில் அந்த எண்ணம் கலைந்தது. 'ஹோமோஊசியோஸ்' விவிலியத்தில் இல்லாத சொல் என்பதே அன்று பெரிய சண்டை. தவிர, நீசேயா தந்தையர் 'ஊசியா', 'ஹிப்போஸ்தாசிஸ்' இரண்டையும் வேறுபாடில்லாமல் ஆண்டார்கள். கடவுளில் ஊசியா (பொருள்) ஒன்று, ஹிப்போஸ்தாசிஸ் (ஆள்) மூன்று என்று பிரித்துச் சொல்ல, கப்பதோக்கியத் தந்தையர் எனப்படும் இறையியலார் பின்னால் வரவேண்டியிருந்தது. கிரேக்கம் பேசியவர்களுக்கே ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது. மூன்றாவது கூட்டத்தில் ஒருவர், "ஒரு மெழுகுதிரியில் இன்னொன்றை ஏற்றுகிறோமே, அதைச் சொன்னால் பாட்டிக்குப் புரியும்" என்றார். பேராசிரியர் விடவில்லை: "அப்போ ரெண்டு திரி ஆயிடுமே!" மணி அடித்துவிட்டது.

நாம் தேர்வு எழுதுவது ஆங்கிலத்தில், மறைவுரை வைப்பது தமிழில். இந்த இடைவெளியைப் பற்றியே செப்டம்பர் கூட்டம். 1578-ல் கொல்லத்தில் ஹென்றிக்கஸ் அடிகளார் அச்சிட்ட நூலில் கடவுள் 'தம்பிரான்'. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரான நொபிலி அடிகளார் கையாண்டது 'சருவேசுரன்'. சொல் தேடுவதை அவர்கள் இறையியலின் ஒரு பகுதியாகவே வைத்திருந்தார்கள். நாமோ பாடக்குறிப்பைப் புரட்டிப்போட்டு மொழிபெயர்த்துக்கொள்கிறோம். என்னையும் சேர்த்துத்தான்.

நவம்பர் 1 அன்று ஆங்கிலேய இறையியலாளரான புனித நியூமன் மறைவல்லுநராக, அதாவது திருச்சபை முழுவதற்கும் ஆசிரியராக, அறிவிக்கப்பட்டார். நாம் தேர்வில் இருந்தோம், கூட்டம் இல்லை.

ஜனவரி 28, புனித தாமஸ் அக்குவினாஸ் விழா. அவருடைய இறையியல் பெருநூலான சும்மாவின் ('சும்மா' என்ற பெயருக்குச் சிரிக்காத முதலாண்டு மாணவர் இதுவரை இல்லை) முதல் பாகம், இரண்டாம் வினா, மூன்றாம் கூறு: கடவுள் இருக்கிறாரா? அக்குவினாஸ் எதிர்த்தரப்பை முதலில் வைப்பார். சைவ நூலான சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையை மறுக்கும் பரபக்கம் முந்தி, தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் பிந்தி வருவதுபோல. இங்கே எதிர்வாதம் இரண்டே: உலகில் தீமை இருக்கிறது, கடவுள் இல்லாமலே எல்லாவற்றையும் விளக்கிவிடலாம். தீமையின் தரப்பில் பேசியவர் முதலாண்டு சகோதரர். சுனாமியில் தன் ஊர் போன கதையைச் சொல்லித் தொடங்கினார். தீமையிலிருந்தும் நன்மையை வரவழைக்கவே கடவுள் அதை விட்டுவைக்கிறார் என்ற அகுஸ்தினாரின் பதிலை அக்குவினாஸ் எடுத்தாள்கிறார். அதை நம் மூத்தவர் வாசித்தார். "இது எனக்குப் போதவில்லை, பிரதர்" என்றார் முதலாண்டு சகோதரர். யாரும் மறுக்கவில்லை. இந்த ஆண்டின் நல்ல கூட்டம் அதுதான்.

அப்புறம், குருத்துவப் பயிற்சியில் இலக்கிய வாசிப்பு வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலையில் எழுதிய மடலைக் காட்டி, நாவல்களுக்கு ஓர் அலமாரி கேட்டோம். கிடைத்தது. பூட்டும் கூடவே வந்தது; சாவி நூலகத் தந்தையிடம்.

கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். பெரும்பகுதி ஜெராக்ஸ் செலவு. இரண்டு புத்தகங்கள் இன்னும் திரும்பி வரவில்லை, எடுத்தவர்களுக்குத் தெரியும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்